தெரிந்தவர்கள் ஏறாத பஸ்

அந்த மிஸ் ஒரு பிளேன்ரீயை முழுதாகக் குடித்து முடித்ததை நான் கண்டதில்லை. பாதியில் எழும்பிவிடுவார். கடைக்காரர் முகம் வாடி, "சீனி காணாதோ மிஸ்?" என்று கேட்பார். "இல்லை, நல்ல தேத்தண்ணி. சரி, வெளிக்கிடுவம்" என்பார், கடைக்காரரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி.

வெளிக்கிடுவம் என்பதுதான் அவருடைய சொல். கைப்பை தோளை விட்டு இறங்காது. கதிரையில் இருந்தால் நுனியில் இருப்பார், அதிலும் ஒரு கால் ஆடிக்கொண்டேயிருக்கும். எங்களோடு நடந்து வரும்போது பத்தடி முன்னால் போய்விட்டு, ஞாபகம் வந்து திரும்பி வருவார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் அவருக்கு வைத்த பெயர் சில்லு மிஸ். காலில் சில்லுப் பூட்டியிருக்கிறதாம். அதைவிட மோசமான இன்னொரு பெயரும் இருந்தது, விசர் மிஸ். விசருக்கு, அதுதான் பைத்தியத்துக்கு, பார்க்கிற மிஸ் என்பதைச் சுருக்கி அப்படி ஆக்கியிருந்தார்கள். அவருக்கு இரண்டு பெயரும் தெரியும். சில்லுத்தான் தனக்குப் பிடித்தது என்று ஒருநாள் சொன்னார்.

அவர் உளவளத்துணையாளர். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதிலும் அதைத் தாண்டிய வயதிலும் உள்ள பிள்ளைகளோடு கதைப்பதற்கென்று அவரைத் திருகோணமலைக்கு அனுப்பியிருந்தார்கள். துறைமுகப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அறை கொடுத்திருந்தார்கள். மேசை, இரண்டு கதிரை, சுவரில் சிரிக்கிற சூரியன் ஒன்றின் படம். எல்லாம் சரி. படியடியில் ஒரு தேத்தண்ணிக்கடை இருந்ததுதான் பிழை. லிங்கநகரில் இருந்து துறைமுகம் வரைக்கும் உள்ள மாமாமார் எல்லாரும் கூடுகிற இடம் அது. ஒரு பிள்ளை அந்தப் படியில் கால் வைத்தால், அது திரும்பி வீட்டுக்குப் போவதற்கு முன்னமே "இன்னாற்ற மகளுக்கு விசராம்" என்ற கதை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கைகழுவியிருக்கும்.

ஆகவே ஒருவரும் மேலே போகவில்லை. மிஸ் கீழே இறங்கிவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்து மன அழுத்தம் பற்றிப் பேசியபோது நாங்கள் சிரித்தோம். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார், "என்ர அறைக்கு வரவேண்டாம். அதுக்குக் கீழ நிறையக் கண். நான் பின்னேரத்தில ரியூசன் சென்ரருக்குப் பின்பக்கம், கேற்றுக்கு வெளியில இருக்கிற சைக்கிள் பார்க்கில நிப்பன். சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுதெண்டு வாங்கோ." உண்மையாகவே கையில் ஒரு காற்றடிக்கிற பம்போடு நின்றார். எத்தனையோ நல்ல சில்லுகளின் காற்று அந்த மாதங்களில் திறந்துவிடப்பட்டது. என்னுடையதும் அதில் ஒன்று.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்தரச் சோதனையில் உயிரியல் வினாத்தாளைத் திறந்தேன். எழுத்துகள் தெரிந்தன, வாசிக்க முடியவில்லை. நெஞ்சைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. மூச்சு தொண்டையோடு நின்றுவிட்டது. சாகப்போகிறேன் என்று நினைத்து எழும்பி வெளியே வந்துவிட்டேன். சாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ரியூசன் கேற்றைக் கண்டாலே அதே இறுக்கம். அடுத்த முறை எழுதத்தான் வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நானும் தினமும் புத்தகப்பையோடு வெளிக்கிட்டு, கேற் வரைக்கும் போகாமல் கடற்கரைக்குத் திரும்பி, அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை, களைத்து வருகிறவர். "படிக்கப் பஞ்சி, வேறொண்டுமில்லை" என்று முடித்துவிட்டார். அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். நித்திரை போய்விட்டது. நான் இல்லாமல் போனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை என்றும் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

சைக்கிள் பார்க்கில் மிஸ் என்னிடம் என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டே, "உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் ஏறாத பஸ் எது?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. போனில் கதைக்கலாமே மிஸ் என்றேன்.

"உங்கட வீட்டில உங்களுக்கெண்டு ஒரு அறை இருக்கோ?"

இல்லை. நானும் தம்பியும் விறாந்தையில் படுக்கிறோம். குசினியில் கரண்டி விழுந்தால் வாசல் வரைக்கும் கேட்கிற வீடு.

"அப்ப சொல்லுங்கோ. எந்த பஸ்?"

யோசித்துப் பார்த்தேன். நிலாவெளிப் பஸ்ஸில் பெரியம்மா வீட்டார் ஏறுவார்கள். கண்டி பஸ்ஸில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள். கிண்ணியா முஸ்லிம் ஊர், அந்தப் பஸ்ஸில் எங்கள் கோயில் ஆட்கள் ஒருவரும் ஏறமாட்டார்கள். அங்கே எங்களுக்கு என்ன அலுவல்?

"நல்லது. வியாழக்கிழமை பின்னேரம் கிண்ணியா போய் வருவம்" என்றார். "ஊர் நாங்கள், அவையள் எண்டு பிரிஞ்சு கிடக்கு. அதில ஒரு நல்லதாவது எடுப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. பஸ் நிலையத்தில், ஊருக்குள் திரிகிற மான்கள் வாழைப்பழத் தோலுக்காக ஆட்களின் பையை முகர்ந்துகொண்டு நிற்கும். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, தெரியாதவர்கள் மாதிரி நிற்போம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பக்கத்தில் வந்து இருப்பார். பஸ் வெளிக்கிட்டதும் கொண்டக்ரரைக் கூப்பிட்டு, "நானா, பாட்டைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ" என்பார்; கிண்ணியாவில் அண்ணனை நானா என்பார்கள். எல்லாரும் பாட்டைக் குறைக்கச் சொல்லித் தலையிடி பிடிக்கிற பஸ்ஸில் கூட்டிவிடச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள் நான் சொல்வது எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பேரும் முன்னால் இருக்கிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு கதைப்போம். சீனக்குடா வரைக்கும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கிண்ணியாப் பாலம் வரும்போது வாய் திறக்கும். கிண்ணியாவில் இறங்கி அவர் பாதித் தேத்தண்ணி குடிப்பார், திரும்பி வரும்போதுதான் உண்மையான கதை வெளியே வரும்.

ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர். நான் அழுதால் யன்னலைத் திறந்துவிடுவார், அவ்வளவுதான். வேலை கொடுப்பார். முதல் வாரம் சொன்னார், "நாளைக்கு ரியூசன் கேற்றைத் தொட்டிட்டு வாங்கோ. உள்ள போகக்கூடாது."

"தொட்டிட்டு?"

"தொட்டிட்டுத் திரும்பி வாங்கோ. நெஞ்சு இறுக்கும். இறுக்கட்டும். அது கூடி, பிறகு தானாக் குறையும். குறையுமட்டும் கையை எடுக்காதீங்கோ."

கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி ஐயா, "பிள்ளை, ஆரையும் பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். குறைந்தது. அடுத்த வாரம் கேற்றுக்கு உள்ளே முற்றம். அதற்கடுத்து வகுப்பின் கடைசி வாங்கில், கதவோரம் இருக்கவேண்டும். நடுவில் நித்திரைக்காக ஆஸ்பத்திரி வைத்தியரிடமும் கூட்டிப்போனார். அங்கே வரிசையில் இருந்த எல்லாருக்கும் வாங்கு கிடைத்தது. மிஸ் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தாதி இரண்டு தரம் எரிந்து விழுந்தார்.

ஒருநாள் அவரை நிலாவெளிப் பஸ்ஸில் ஒரு பெடியனோடு கண்டேன். தொப்பியும் ஆளுமாகப் பார்த்தால் கிண்ணியாப் பக்கம் போலத்தான் இருந்தது. அவனைத் தெரிந்தவர்கள் ஏறாத பஸ் அதுவாக இருக்கும். வியாழக்கிழமை கேட்டேன், "மிஸ், அந்தப் பெடியனுக்கு என்ன?"

"எந்தப் பெடியன்?" என்றார். முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பிறகு நிம்மதி வந்தது. என்னைப் பற்றியும் இப்படித்தான் கேட்கிறவர்களிடம் எந்தப் பெட்டை என்று கேட்பார்.

இப்படியான ஆளை இன்னொருவரின் நல்ல மனம்தான் மாட்டிவிட்டது. கிண்ணியா பஸ்ஸின் கொண்டக்ரர் கிண்ணியா ஆள்தான், நடுவயது, எப்போதும் வெற்றிலை. வாரக்கணக்காக எங்களைப் பார்த்துவிட்டு அவராகவே ஏதோ முடிவுக்கு வந்திருக்கிறார். ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கிண்ணியாவில் இருந்து திரும்பும்போது பின்னாலிருந்து இரண்டாவது சீட்டில், கடல் பக்கம், தன்னுடைய ரிக்கெட் பையை வைத்து எங்களுக்கு இடம் பிடித்து வைப்பார். நாங்கள் ஏறினதும் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டைக் கூட்டுவார். மிஸ் இப்போது கேட்கவும் தேவையில்லை.

சோதனைக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. அந்த வியாழன் கிண்ணியாவில் நாங்கள் ஏறும்போது அந்தச் சீட்டில் ஒரு அன்ரி இருந்தார். எங்கள் கோயில் பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். கிண்ணியாவில் சங்கீதம் படிப்பிக்கிறார், வழமையாக ஆசிரியர்களின் வான் வண்டியில் போய் வருகிறவர். அன்றைக்கு வான் பழுது. கொண்டக்ரரின் ரிக்கெட் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இருந்துவிட்டார். நான் அவரைக் கண்டு அப்படியே இறங்கத் திரும்பினேன். அதற்குள் கொண்டக்ரர் பஸ் முழுக்கக் கேட்கக் குரல் கொடுத்துவிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் எழும்புங்க. அது மிஸ்ஸுட சீட். பாவம், சொகமில்லாத புள்ளயக் கூட்டிட்டு வாறாங்க. நீங்க இரிங்க தங்கச்சி, இரிங்க."

பஸ் திரும்பிப் பார்த்தது. அன்ரி எழும்பினார். எழும்பியபடி என்னைப் பார்த்தார். கொண்டக்ரர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கொண்டுபோய் இருத்திவிட்டு, அன்றைக்கென்று பாட்டை இன்னும் கூட்டினார். அந்த மனுசனைப் போல ஒரு நல்ல மனுசனை நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

மிஸ் என்ன செய்தார் தெரியுமா? இருக்கவில்லை. "டீச்சர், நீங்கள் இருங்கோ" என்று அன்ரியை எனக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, தான் போய் மிதிபலகையில் நின்றுகொண்டார். பாலம் போய், சீனக்குடா போய், ஊர் வரும் வரைக்கும் அன்ரியின் தோளும் என் தோளும் முட்டிக்கொண்டு வந்தன.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று அன்ரி கேட்டார்.

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "சோதனை மண்டபத்துக்குள்ள போக ஏலாது அன்ரி. மூச்சு நிண்டுடும்" என்றேன். மிஸ்ஸைத் தவிர இன்னொருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அன்ரி முன் சீட்டைப் பார்த்தார். "அதுக்கு ஏன் பஸ்?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்ரி தன் பையைத் திறந்து ஒரு ரொபி தந்தார்.

இறங்கினதும் மிஸ்ஸிடம் பாய்ந்தேன். "ஏன் எழும்பினீங்கள்? என்னை விட்டுட்டு ஏன் எழும்பினீங்கள்?"

"அவ நிண்டிருந்தா முழு வழியும் உங்களை மேலயிருந்து பார்த்துக்கொண்டு வந்திருப்பா. பக்கத்தில இருந்தா முன்னுக்குத்தானே பார்க்கவேணும்" என்றார். அப்போதும் நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பத்தடி முன்னால் போகவில்லை, என் பக்கத்திலேயே நடந்தார்.

ரொபி தந்த அன்ரி பின்னேரமே அம்மாவிடம் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிள்ளைக்காக மன்றாடவேண்டும் என்றுதான் சொன்னாராம். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "ஊர் அறியப் பஸ்ஸில ஏத்தித் திரிஞ்சு போட்டா. இனி அந்த மிஸ்ஸும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்" என்று சைக்கிளைப் பூட்டித் திறப்பை எடுத்து வைத்துக்கொண்டார். நான் கடைசி வாங்கு வரைக்கும்தான் போயிருந்தேன். சோதனை மண்டபம் இன்னும் மிச்சம் கிடந்தது. நெஞ்சுக் கயிறு பழையபடி இறுகத் தொடங்கியது.

இரண்டு வியாழன் நான் போகவில்லை. மூன்றாவது வியாழன் மிஸ் எங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டினார்.

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதிரையைக் காட்டினார். மிஸ் இருக்கவில்லை. விறாந்தையைக் கடந்து, குசினியைக் கடந்து, வீட்டுக்காரி மாதிரிப் பின்வளவுக்கே போய்விட்டார். அங்கே பைப்படியில் சூடை மீன் ஒரு சட்டி நிறையக் கிடந்தது. அம்மா அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பி வந்திருந்தார்.

"அக்கா, இன்னொரு கத்தி இருக்கோ?"

"நீங்கள் ஏன் மிஸ்…"

"எனக்குச் சும்மா இருந்து கதைக்க ஏலாது அக்கா. தாங்கோ."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்திக்கொண்டு மீனை வெட்டினார்கள். நான் குசினி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முதலில் மீனைப் பற்றிக் கதை. பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்தது. மிஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பிள்ளை, அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

எனக்கு அது ஏன் என்று தெரியும். என் வீட்டில், என் அம்மாவின் கதை எனக்குக் கேட்கக்கூடாதாம். கூட்டிவிட்டேன், வேறென்ன செய்ய? அம்மா என்ன சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது. சட்டி வெறுமையாகிக் கனநேரத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் எழும்பவில்லை. உள்ளே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன், மீன் வெட்டி அழுத ஆளை அன்றைக்குத்தான் கண்டேன்.

சைக்கிள் திறப்பு மேசையில் கிடந்தது. "வியாழக்கிழமை போ. குடையைக் கொண்டு போ" என்றார் அம்மா. பிறகு மிஸ்ஸிடம், "நானும் அவளோட ஒருநாள் வரட்டோ?" என்று கேட்டார்.

"ஏலாது அக்கா. அது அவவின்ர பஸ். உங்களுக்கு வேறொண்டு பார்ப்பம்" என்றார் மிஸ். கேற்றடிக்குப் போய்விட்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணி பாதியில் கிடந்தது.

சோதனை நாளில் மண்டபத்துக்குள் போனேன். நெஞ்சு இறுகியது. கேற்றைப் பிடித்த மாதிரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குறைந்தது. எழுதினேன். டொக்டர் ஆகிற அளவுக்கு எழுதவில்லை. இப்போது ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறேன். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளைகள் வந்தால் எதிரே நிற்காமல் பக்கத்தில் இருந்து, முன்னால் இருக்கிற சுவரைப் பார்த்துக் கதை கேட்கிறேன். அது எங்கே படித்தது என்று யாரும் கேட்பதில்லை.

மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. எந்த ஊர் என்று சொன்னார், அங்கே இருந்தும் மாற்றிவிட்டார்களாம், இப்போது எங்கே என்று தெரியாது. அவருடைய கடைசி வியாழனில், தேவை இல்லாவிட்டாலும் நான் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். போகும்போது சும்மா கதை. திரும்பி வரும்போது பாலத்தடியில், எத்தனையோ காலமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மிஸ், நாங்கள் எல்லாரும் உங்களோட கதைக்கிறம். நீங்கள் ஆரோட கதைக்கிறனீங்கள்?"

கால் ஆடுவது நின்றது. சீனக்குடா தாண்டித்தான் வாய் திறந்தார்.

"இங்க வந்த முதல் மாதம் அந்த அறைக்குள்ளதான் இருந்தனான்" என்றார். "ஒருதரும் வரேல்ல. ஒருநாள் படியில செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்தது. கதவுக்கு வெளியில நிண்டது. நான் எழும்பிப் போகேல்ல. தானா வரட்டும், பயப்படுத்தக்கூடாது எண்டு கதிரையிலயே இருந்தனான். அப்பிடித்தான் படிச்சது. கொஞ்சத்தால செருப்பு இறங்கிப் போட்டுது. ஓடிப்போய்ப் பார்த்தன், கீழ கடை நிறைய ஆக்கள். எது அந்தப் பிள்ளையெண்டு தெரியேல்ல. பெடியனோ பெட்டையோ எண்டும் தெரியாது. உயிரோட இருக்கோ எண்டும் தெரியாது. ஒவ்வொருத்தர் வரேக்கையும் இதுதானோ எண்டு பார்க்கிறனான். கேட்கவும் ஏலாது. உங்களிட்டயும் கேட்கேல்ல" என்றார்.

அது நான் இல்லை. நான் அந்தப் படியில் ஒருநாளும் ஏறியதில்லை. ஓம், நான்தான் மிஸ் என்று ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

பஸ் நிலையத்தில் வண்டி நின்றது. வழமையாகப் பஸ் நிற்பதற்கு முன்னமே எழும்பி வாசலுக்குப் போய்விடுகிறவர். அன்றைக்கு எழும்பவில்லை. சனம் இறங்கியது. புதுச் சனம் ஏறியது. கைப்பையைத் தோளில் இருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டைப் பார்த்தபடி இருந்தார்.

கொண்டக்ரர் வந்து குனிந்து பார்த்தார். "மிஸ், எறங்கல்லயா? திரும்பக் கிண்ணியாவுக்குத்தான் போகுது."

நான் இரண்டு பேருக்கும் ரிக்கெட் எடுத்தேன்.

"நானா," என்றேன், "பாட்டைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."